பதினொன்றுக்குக் கூவியவன்

"எண்ணி முடித்ததும் கூவு. எண்ண முடியாத ஒன்று வந்தால்..." என்று பெரியவர் படிகம் தொடங்கியது மட்டும் வகுப்பானுக்கு நினைவிருந்தது. மின்சாரம் முதன்முதலாக உள்ளே நுழைந்த வேளை அது. எல்லோரும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு சத்தம் போட்டதில், பேச்சின் பின்பாதி அவன் காதில் சரியாக விழவில்லை. வந்தால் நில் என்றாரா, வந்தால் கேள் என்றாரா, வந்தால் நீயே பார்த்துக்கொள் என்றாரா. அப்புறம் மூன்று வருஷமாக அப்படி ஒரு எண் வரவும் இல்லை. அதனால் அவன் போய்க் கேட்கவும் இல்லை.

கடலோரத்து ஊர் ஒன்றில் மீனவர் சங்கக் கட்டிடம் இருந்தது. அதன் மாடி அறையில் ஒரு வானொலிப் பெட்டி. கரையிலிருந்து படகுகளுக்குப் பேசுகிற பெட்டி. அதற்குள்ளே விரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புச் சில்லு ஒன்று. அந்தச் சில்லுக்குள்ளும் அதை ஒட்டியும் குடியிருந்தவர்களைப் பற்றியது இந்தக் கதை.

அவர்களில் அலையன் ஓடுகிறவன். அவன் எந்த வேகத்தில் ஓடுகிறானோ, வானத்தில் அந்த இடத்தில்தான், அதாவது அந்த அலைவரிசையில்தான், பெட்டியின் குரல் கேட்கும். வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குரல் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆனால் தான் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறோம் என்பது அலையனுக்கே தெரியாது. ஓடுகிறவனுக்கு எண்ண நேரம் ஏது?

எண்ணுவதற்குத்தான் வகுப்பான் இருந்தான். அலையன் இத்தனை தப்படி ஓடியதும் ஒரு தடவை கூவ வேண்டும்; அதுவே அவன் வேலை. அலையன் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடித் தப்படி வைக்கிறவன் என்பதால், ஒன்று, இரண்டு என்று எண்ணி மாளாது. கருவாட்டைக் கட்டுப் போடுகிற மாதிரி வகுப்பான் தப்படிகளைக் கட்டாகக் கட்டுவான். நாலு தப்படி ஒரு கட்டு, அல்லது ஐந்து தப்படி ஒரு கட்டு. மூன்றாகக் கட்டவும் தெரியாது, ஆறாகக் கட்டவும் தெரியாது. அவனுக்கு வரும் சீட்டில் இரண்டே விவரம் இருக்கும்: மொத்தம் எத்தனை கட்டு, அதில் ஐந்துக் கட்டு எத்தனை. கட்டுகள் முடிந்தால் வாய் தானாகக் கூவிவிடும்.

பெரியவர் படிகம் தூங்கினாலும் விழித்தாலும் ஒரே சீராகத் துடிப்பவர். அவருடைய துடிப்பை ஒரு காதிலும் வகுப்பானின் கூவலை மறு காதிலும் வாங்கிக்கொண்டு நடுவில் ஒப்பாளி உட்கார்ந்திருப்பார். கூவல் முந்தினால் "அலையா, மெதுவா" என்பார். பிந்தினால் "வேகமா" என்பார். இரண்டும் சேர்ந்து விழுந்தால் வாய் திறக்க மாட்டார். வாசலில் நிற்கும் பச்சை விளக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தொடர்ந்து நாற்பது தடவை அவர் முகம் சுளிக்காவிட்டால் அது எரியும்.

மூன்று வருஷமும் ஒரே எண்தான்: பன்னிரண்டு. மூன்று கட்டு, அதில் ஐந்துக் கட்டு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

மாடி அறையில் பேசுகிற பெண்ணின் பெயர் பிரகாசி. அவள் பொத்தானை அழுத்தினால் குரல் நேராக அலையன் முதுகில் ஏறும். காற்று, மீன் விலை, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்று எல்லாம் சொல்லுவாள். மூன்று வருஷம் அந்தக் குரலைச் சுமந்ததில், உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் பேச்சே ஒட்டிக்கொண்டது.

ஒரு திங்கள்கிழமை காலை பெட்டியின் மூடி திறந்தது. பக்கத்துத் துறைமுகத்து விசைப்படகுகளும் அதே இடத்தில் பேசத் தொடங்கியதால் யார் பேசுவதும் யாருக்கும் விளங்கவில்லை. ஆகவே ஊர்க்கூட்டத்தில் இடத்தை மாற்றிக்கொள்ள முடிவாகியிருந்தது. பெட்டி பழுது பார்க்கும் கிளாட்வின் படகுகளின் பெட்டிகளையெல்லாம் ஏற்கெனவே மாற்றி முடித்துவிட்டு, கடைசியாகக் கரைப் பெட்டிக்கு வந்திருந்தான். கணினியைச் சில்லோடு இணைத்துப் புது எண்ணை எழுதினான். பன்னிரண்டும், இருபதில் ஒரு பங்கும்.

எழுதப்படுவதை வாங்கி வைத்துக்கொள்வது பதிவேட்டின் வேலை. வாங்கி வைத்தது.

அந்த இருபதில் ஒரு பங்கு உள்ளே விழுந்ததும், மூலையில் மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பின்னி எழுந்து உட்கார்ந்தாள். முழு எண்ணாக இருக்கும்வரை அவளுக்கு வேலை கிடையாது. எழுந்த வேகத்தில் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இனிமே சீட்டு நான்தான் தருவேன்" என்றாள்.

"இருபதில் ஒரு பங்கை எப்படிக் கட்ட?" என்று கேட்டான் வகுப்பான். "எனக்கு நாலு, அஞ்சு ரெண்டும்தான் வரும்."

"உன்னால ஆகாதுன்னுதானே என்னை வச்சிருக்காவ. ஒரு தடவை பன்னிரண்டு கேட்பேன், ஒரு தடவை பதிமூணு, அப்புறம் பத்து, அப்புறம் பதினாலு. எல்லாத்தையும் சேர்த்துப் பங்கு போட்டா சரியா வந்து நிக்கும்."

"பத்தொன்பது தடவை பன்னிரண்டு, ஒரு தடவை பதிமூணு. முடிஞ்சுது. எதுக்கு இந்த ஆட்டம்?"

"அந்த ஒத்தைப் பதிமூணு அளவெடுத்த மாதிரி வந்து வந்து இடிச்சா அலையன் குரல்ல கிர்ருன்னு ஒரு இரைச்சல் ஒட்டும். கலைச்சுப் போட்டா ஒட்டாது. நான் இதைப் படிச்சுட்டு வந்தவ. நீ கட்டு."

வகுப்பான் கட்டினான். பன்னிரண்டு, பதிமூன்று, பத்து, பதினான்கு. கை புதிதாக ஓடியது. அவனுக்கே கொஞ்சம் உற்சாகமாக இருந்தது. ஒன்பதாவது சீட்டை வாங்கிப் பார்த்தவன் திருப்பிப் பார்த்தான்.

கட்டு இரண்டு. அதில் ஐந்துக் கட்டு மூன்று.

"இது என்ன?"

"பதினொன்னு."

"ரெண்டு கட்டுல மூணு அஞ்சுக் கட்டு எங்கேயிருந்து வரும்?"

"பதினொன்னை நாலால வகுத்தா ரெண்டு, மிச்சம் மூணு. ரெண்டு கட்டு, மூணு அஞ்சு. எல்லாச் சீட்டும் அப்படித்தான் எழுதுதேன். இவ்வளவு நேரம் கட்டினேல்லா?"

நாலும் நாலும் எட்டு. நாலும் ஐந்தும் ஒன்பது. ஐந்தும் ஐந்தும் பத்து. மூன்று நாலு பன்னிரண்டு. வகுப்பான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். நடுவில் பதினொன்று எங்கேயும் இல்லை. அதற்குள் அலையனின் தப்படிகள் வந்து குவிந்தன. கை பழக்கத்தில் ஓர் ஐந்துக் கட்டைக் கட்டியது, இன்னோர் ஐந்துக் கட்டைக் கட்டியது. கட்டு தீர்ந்தது. வாய் கூவிவிட்டது.

பத்துத் தப்படிக்கே கூவிவிட்டான்.

"முந்திட்டே" என்றார் ஒப்பாளி. "அலையா, மெதுவா."

அலையன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

பின்னியின் கலைப்பில் சில சீட்டுகளுக்கு ஒரு தடவை பதினொன்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வகுப்பான் பத்துக்குக் கூவினான். ஒவ்வொரு தடவையும் ஒப்பாளி மெதுவா என்றார். கொஞ்ச நேரத்தில் அலையன் குறைய வேண்டிய அளவு குறைந்து முடிந்தான். அதன் பிறகு கூவலும் துடிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே விழுந்தன. ஒப்பாளி முகம் சுளிக்கவில்லை. விளக்கு நாற்பது எண்ணி, பச்சையாக எரிந்தது.

சில்லோடு வந்த கையேட்டில் ஒரு பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது: முழு எண் என்றால் பன்னிரண்டிலிருந்து தரலாம், பின்னம் சேர்ந்தால் பதினைந்துக்குக் கீழே தரக் கூடாது. புது இடத்துக்குப் போக வேறு வழியும் இருந்தது. பெரியவரின் துடிப்பைப் பாதியாக்கி எண்ணை இரட்டிப்பாக்கியிருந்தால், பின்னி எவ்வளவு ஆடினாலும் கட்ட முடியாத எண்ணே வந்திருக்காது. கிளாட்வின் அட்டவணையில் பன்னிரண்டைப் பார்த்தான்; அடிக்குறிப்புவரை போகவில்லை. கணினியும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் கையடக்கப் பெட்டி ஒன்றை அதே அறையில் நின்று காதில் வைத்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை பேசுங்க அக்கா."

"கரை பேசுது, கரை பேசுது. போதுமா தம்பி?"

"தெளிவா கேட்குது. விளக்கு?"

"எரியுது."

ஓர் ஆள் தூரத்தில் நின்றால், இடம் தவறிய குரலும் பலத்தினாலேயே உள்ளே புகுந்துவிடும். கிளாட்வின் மூடியைப் போட்டுத் திருகை முடுக்கினான். அன்று மதியம் பதினான்கு படகுகளும் பத்து நாள் தங்கலுக்குக் கடலுக்குப் போயின. அவற்றில் கேட்கிற பெட்டி மட்டும்தான் உண்டு. பேசுகிற பெட்டி கிடையாது.

வகுப்பானுக்கு நிம்மதி போய்விட்டது. முதலில் பதிவேட்டிடம் போனான்.

"உன்கிட்ட தப்பான எண்ணை எழுதியிருக்காவ. திருப்பி அனுப்பு."

"திருப்பி அனுப்ப எனக்கு வழி கிடையாது" என்றது பதிவேடு. "எழுதினதை வச்சிருக்கேன். சரியா தப்பான்னு பாக்குற வேலையை எனக்குக் கொடுக்கலை. அது வாங்கின எண்ணு வகுப்பா, கொடுத்த எண்ணு இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா இதுதான் எழுதியிருந்ததுன்னு காட்டுவேன். என்கிட்ட எழுதத்தான் வாராவ. வாசிக்க இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை, அது வேற விஷயம்."

ஒப்பாளியிடம் போனான்.

"நான் பொய்யாக் கூவுதேன்."

"நேரத்துக்குத்தானே கூவுதே?"

"நேரத்துக்குத்தான். ஆனா பத்தைக் கட்டிட்டுப் பதினொன்னுன்னு கூவுதேன்."

"உன் கூவல்ல நான் எண்ணைக் கேக்கலைப்பா. எப்போ கூவுதேன்னு மட்டும்தான் கேக்கேன்." ஒப்பாளி இரு காதையும் தொட்டுக் காட்டினார். "இது ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா என் வேலை ஆச்சு. ஒத்துப் போகுது. நீ எதுக்குக் கெடந்து அலட்டுதே?"

விளக்கு வாசலில் நின்றபடியே சிரித்தது. "என்னைப் பாத்துதான் அந்தம்மா பேச உக்காருது. நான் எரியாம நின்னா நல்லாவா இருக்கும்?"

கடைசியாகப் பெரியவரிடம் போனான். அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே. எண்ண முடியாதது வந்தா என்ன செய்யச் சொன்னீங்க?"

பெரியவர் வெகு நேரம் துடித்தார்.

"நேரத்துக்குக் கூவச் சொன்னேன்."

"அது முன்பாதி. அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன, அப்புறமும் கூவத்தான். இல்லை, வேற ஏதாவது சொன்னேனா? எனக்குத் துடிப்பைத் தவிர ஒண்ணும் நெனைவில்ல பாத்துக்க."

வகுப்பான் தன் இடத்துக்குத் திரும்பி வந்தான். கட்டுகள் குவிந்து கிடந்தன. கட்டினான், கூவினான்.

ஐந்தாம் நாள் பிற்பகலில் பிரகாசியின் குரல் அவசரமாக அலையன் முதுகில் ஏறியது. அன்று மீன் விலை இல்லை.

"எல்லாப் படகுக்கும் கரை பேசுது. தென்மேற்கே காத்து இறங்குது. சாயங்காலத்துக்குள்ள பெரிசாவும்னு தகவல் வந்திருக்கு. வலையை அறுத்துப் போட்டுட்டாவது கரைக்கு வாங்க. வலை போனாப் போவுது."

பிறகு படகுகளின் பெயர்களை வாசித்தாள். லூர்து மகிமை, பனிமயம், சலேத் அன்னை என்று தொடங்கிப் பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை. அலையன் அதுவரை இல்லாத கவனத்தோடு ஓடினான். ஓர் எழுத்தும் சிந்தாமல் கொண்டுபோனதாகப் பிறகு சொல்லிக்கொண்டான். உண்மைதான், ஓர் எழுத்தும் சிந்தவில்லை.

பதின்மூன்று படகுகள் வந்து சேர்ந்தன. தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்து மூன்று படகுகள் திரும்பின. அவை திரும்புவதைப் பார்த்து மற்றவை திரும்பின. சலேத் அன்னை எல்லோரையும்விட ஆழத்தில் நின்றது. அதில் ஒன்பது பேர். ஓட்டியவர் சந்தியாகு, பிரகாசிக்குத் தாய்மாமன்.

அடுத்த நாளும் அவள் பொத்தானை அழுத்தினாள்.

"சலேத், சலேத், கரை பேசுது. மாமா, பேச உங்ககிட்ட பெட்டி இல்லைன்னு தெரியும். கேட்டா போதும். எஞ்சின் ஓடுதுன்னா வடக்கே பிடிச்சு வாங்க. முனையில ஆள் நிறுத்தியிருக்கோம். கேக்குதா மாமா?"

பதில் வர வழியில்லாத இடத்தில் அவள் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற அளவு நேரம் பொத்தானை விட்டுவிட்டு, மறுபடி அழுத்தினாள். மூன்று நாள் இப்படிக் கூப்பிட்டாள். நான்காம் நாள் பொத்தான் அழுந்தியது. மூச்சு மட்டும் வந்தது. அலையன் அந்த மூச்சையும் சுமந்துகொண்டு ஓடினான். பிறகு பொத்தான் விடப்பட்டது.

எட்டு நாள் கழித்து மூடி திறந்தது. வெளியே பேசுவது உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"வந்த படகுக்காரங்க ஒருத்தருக்கும் என் குரல் கேக்கலையாம் தம்பி. உஸ்ஸுன்னு இரைச்சல்தான் கேட்டுதாம். பதிமூணு படகும் அதையே சொல்லுதாவ."

"அந்தக் காத்துல என்ன கேக்கும் அக்கா? இரைச்சல்தான் கேக்கும்." கிளாட்வினின் குரலில் தூக்கமில்லாத ஒரு கரகரப்பு இருந்தது. "நானும் மூணு நாளா இதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதான் முதல்ல இங்க வந்தேன். இந்தா பாருங்க, விளக்கு எரியுதா?"

"எரியுது."

"எண் மாறியிருக்கான்னு பாத்துட்டேன். நான் எழுதினது அப்படியே இருக்கு." கையடக்கப் பெட்டியைக் காதில் வைத்தான். "பேசுங்க."

அவள் பேசவில்லை. அவனே ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா."

"பழைய பெட்டி பரண்ல கெடக்குல்லா. அதையே எடுத்து வச்சுக்கிடட்டுமா? படகுப் பெட்டியில பழைய இடமும் கேக்கும்னு சொன்னேல்லா."

"கேக்கும். பழசையும் விடாமத்தான் வச்சுக் கொடுத்திருக்கேன். ஆனா அங்க விசைப்படகுக்காரன் கத்துற கத்துல நீங்க பத்து தடவை சொன்னா ரெண்டு தடவை காதுல விழும். அதுக்குத்தானே மாத்தினோம். இந்த விளக்கு அணைஞ்சா சொல்லுங்க, அன்னைக்குப் பழசை எடுக்கலாம். எரியுற வரைக்கும் சந்தேகப்படாதீங்க."

"அணைஞ்சா பழசு" என்றாள் பிரகாசி.

"ஆமா. அணைஞ்சா இந்தச் சில்லைச் சூடு வச்சுப் பேத்துத் தூர எறிஞ்சுட்டுப் புதுசு போட்டுருவேன். அணையட்டும் முதல்ல."

மூடி விழுந்தது.

உள்ளே துடிப்பு மட்டும் கேட்டது. அலையன்தான் முதலில் வாயைத் திறந்தான். ஓடிக்கொண்டே கேட்டான்.

"பதிமூணு படகுக்கும் கேக்கலையாமே. நான் கொண்டுபோனேனே வகுப்பா."

வகுப்பான் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சிந்தலை. அந்தப் பிள்ளையோட மூச்சைக்கூட விடாம கொண்டுபோனேன். அது எங்க போச்சு?"

"வேற இடத்துக்குப் போச்சு."

"எந்த இடத்துக்கு?"

"ஒருத்தரும் காது வைக்காத இடத்துக்கு. நீ ஓட வேண்டிய வேகத்துல ஓடலை. நான் பத்துக்குக் கூவிப் பதினொன்னுன்னு சொன்னேன். அவர் உன்னை மெதுவா போகச் சொன்னார். நீ போனே."

அலையன் இன்னும் சில கோடித் தப்படி ஓடினான்.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"ஒன்பதாவது சீட்டிலேயே தெரியும்."

"அவ மாமா மாமான்னு கூப்பிடும்போது தெரியுமா?"

"தெரியும்."

அதற்கு மேல் அலையன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பானுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே கூவப் போறதில்லை" என்றான் வகுப்பான் கொஞ்சம் கழித்து. யாரிடம் என்றில்லாமல் சொன்னான்.

ஒப்பாளி இரண்டு காதிலிருந்தும் கையை எடுத்தார். "என்ன சொல்லுதே?"

"பதினொன்னுச் சீட்டு வந்தா கட்டைப் போட்டுட்டுச் சும்மா உக்காந்துருவேன்."

"சும்மா உக்காந்தா உன் கூவலே எனக்கு வராது. வரலைன்னா நான் வேகமா வேகமான்னு இவனை விரட்டுவேன். இவன் நிக்க மாட்டாம ஓடித் தலைதெறிச்சுப் போவான். விளக்கு அணையும்."

"அணையட்டும். அணைஞ்சாதானே அந்தம்மா பரண்ல கெடக்குற பழைய பெட்டியை எடுக்கும்?"

"அணைஞ்சா என்ன நடக்கும்னு இப்பத்தானே கேட்டே? சூடு வச்சுப் பேப்பான். உன்னை மட்டும் தனியாப் பேக்க முடியாதுப்பா. நீ, நான், இவன், தூங்கி எழுந்த இந்தப் பிள்ளை, பதிவேடு எல்லாரும் ஒரே ஓட்டுக்குள்ள இருக்கோம். பெரியவரும் விளக்கும் வெளிய நிக்கிறதால தப்பிப்பாங்க. உன் ஒருத்தன் மனசாட்சிக்கு நாங்க நாலு பேரும் குப்பைக்குப் போணுமா?"

"நான் கேட்டது சரியான எண்ணு" என்றாள் பின்னி. அவள் குரல் இறங்கியிருந்தது. "பதினொன்னு வேணும்தான். அது இல்லாம பங்கு சரியா வராது. உனக்குக் கட்ட வராதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"நான் சொன்னேன்."

"நீ கட்டினேல்லா. நீ கூவினதால ஆயிட்டுதுன்னு நெனச்சேன்."

வகுப்பான் அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டான்.

"இன்னொரு வழி சொல்லுதேன்" என்றது பதிவேடு. "பொறு. என்னைக்காவது ஒரு நாள் யாராவது அந்தக் கையேட்டை முழுசா வாசிப்பாவ. வாசிச்சா வந்து எண்ணை மாத்தி எழுதுவாவ. அதுவரைக்கும் உள்ளதை வச்சு ஓட்டு. நீ நின்னு போனா சில்லு கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவாவ. எண்ணு தப்புன்னு யாரும் சொல்லப் போறதில்லை. புதுச் சில்லுலயும் இதே எண்ணைத்தான் எழுதுவான்."

அது சொன்னதில் பாதிக்குமேல் உண்மை என்று வகுப்பானுக்குத் தெரிந்தது. புதுச் சில்லுக்குள்ளும் ஒரு வகுப்பான் இருப்பான். அவனுக்கும் நாலு, ஐந்து மட்டும்தான் வரும். அவனும் ஒன்பதாவது சீட்டைத் திருப்பிப் பார்ப்பான்.

"நீ என்ன சொல்லுதே?" என்று அலையனைக் கேட்டான்.

"என்னை விரட்டினா ஓடுவேன். தலைதெறிச்சு ஓடுறது எனக்குப் பழக்கம்தான்" என்றான் அலையன். "என்கிட்ட கேக்காதே. நான் எதையும் எண்ணினவன் இல்லை."

துக்கம் கழிந்து, கரையில் கிடந்த படகுகள் பதின்மூன்றும் மறுபடி கடலுக்குப் போயின. எத்தனை நாள் சும்மா கிடக்க முடியும்? போகும்போது ஒவ்வொருவராக மாடிப் படி ஏறி வந்து விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகப் பிரகாசி யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது. விளக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. சொன்னானே தவிர, வகுப்பான் அதுவரையும் பத்துக்குக் கூவிக்கொண்டுதான் இருந்தான்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பொத்தான் அழுந்தியது.

"எல்லாப் படகுக்கும் கரை பேசுது." குரல் சமமாக இருந்தது; சமமாக வைத்திருக்க அவள் படும் பாடு அலையனின் முதுகில் தெரிந்தது. "தென்மேற்குக் காத்து திரும்பவும் வருது. போன தடவையைவிடப் பெரிசாம். மதியத்துக்குள்ள கரை ஏறிரணும். பேரு வாசிக்கேன். லூர்து மகிமை. பனிமயம்."

மூன்றாவது பெயர் இருந்த இடத்தில் சின்ன இடைவெளி வந்தது. பிறகு அவள் நான்காவது பெயரை வாசித்தாள்.

பின்னி சீட்டை நீட்டினாள். பன்னிரண்டு. வகுப்பான் கட்டினான், கூவினான். அடுத்தது பதினான்கு. கட்டினான், கூவினான். அடுத்தது பத்து. ஒப்பாளி இரு காதையும் தீட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் துடித்தார். அடுத்த சீட்டைப் பின்னி பார்க்காமலே நீட்டினாள்.

கட்டு இரண்டு. அதில் ஐந்துக் கட்டு மூன்று.

வகுப்பான் கூவவில்லை.